எங்கள் ஜீப்பின் தாகம்

மூன்றாவது முறையும் ஹெட் கேஸ்கட் போனபோது அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் அப்பாவையும் என்னையும் பயமுறுத்தியது. அம்மா திட்டினால் கோபம் தீர்ந்துவிடும். திட்டாமல் வெங்காயம் உரித்தால் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

"இந்த ஒரு தடவ செஞ்சுக்கிருங்க," என்றாள் உரித்து முடித்ததும். "இன்னொரு தடவ போச்சுன்னா வண்டிய வித்துருவோம். அந்தக் கவுஞ்சி ஊர்க்காரரு கேட்டுக்கிட்டேதான் இருக்காரு. வண்டி நம்ம வீட்டுல இருந்த நாளவிட பாய் பட்டறைல கெடந்த நாளுதான் சாஸ்தி."

"வித்துட்டு?" என்றார் அப்பா.

"காட்டு வேலைக்குப் போவோம். ஊருல எல்லாரும் அதத்தான செய்றாக."

அப்பா வாசலுக்குப் போய் ஜீப்பின் பக்கத்தில் நின்றார். அது குட்டி ஜீப். பெரிய ஜீப்புகளின் நடுவே நிறுத்தினால் அவற்றின் பிள்ளை மாதிரி இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும். எங்கள் ஊர் வில்பட்டிக்குக் கீழே சரிவுகளில் இருக்கிற காடுகளிலிருந்து கேரட்டையும் பீன்ஸையும் ஏற்றிக்கொண்டு, மழையில் குழைந்து கிடக்கும் மண் பாதையில் ஏறி, கொடைக்கானல் மார்க்கெட்டில் இறக்குவதுதான் அப்பாவின் தொழில். ஜீப்புக்கு முன்னால் அவர் ஊர்ப் பெரிய விவசாயி ஒருவரிடம் பொதிக் குதிரை ஓட்டியவர். அந்தக் குதிரைகள் அவருடையவை அல்ல. இந்த ஜீப் அவருடையது. வாழ்க்கையில் அவர் யாரிடமும் கேட்காமல் கிளம்பிப் போகக் கிடைத்த ஒரே வாகனம் அது. அதை விற்றுவிட்டு அடுத்தவர் காட்டில் களை வெட்டுகிற அப்பாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவாலும் முடிந்திருக்காது, அதனால்தான் வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினாள்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அதுவும் நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சொல்லிக்கொடுத்தது. இன்றைக்கும் அவர் கையெழுத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்து மாதிரியே இருக்கும். என்னுடையது மாறிவிட்டது, அவருடையது மாறவில்லை. காலையில் கேரட் மூட்டைகளுக்கு முன்னால், முன்சீட்டில், இஸ்திரி போட்ட சேலையோடு உட்கார்ந்து நான் வேலைக்குப் போவேன். வழியில் யார் கை காட்டினாலும் அப்பா வண்டியை நிறுத்தி, "ஏறுங்க, எம் மக எம்மெஸ்ஸி, இஸ்கூலுக்குப் போகுது," என்று சொல்லித்தான் ஏற்றுவார். கேட்காதவர்களிடமும் சொல்வார். நான் வெட்கப்படுகிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சொல்லாமல் விட்டுவிட்டால்தான் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆக, பௌதிகம் படித்த மகள் வீட்டில் இருக்கும்போது ஒரு தகடு மூன்று முறை போவது எனக்கே மானக்கேடாக இருந்தது.

அந்தத் தகட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இஞ்சினின் உடம்பு தனி, தலை தனி. இரண்டுக்கும் நடுவே வைத்து இறுக்குகிற மெல்லிய தகடுதான் கேஸ்கட். ஒரே இடத்தில் நெருப்பும் தண்ணீரும் எண்ணெயும் குடியிருக்க, ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பெரிய குடும்பத்தில் நடு மருமகள் பார்க்கிற வேலை. அது போய்விட்டால் தண்ணீர் நெருப்பில் விழும், பின்னால் வெள்ளைப் புகை வரும். எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் டீ நிறத்துக்கு வரும். எங்கள் ஜீப்பில் ஒவ்வொரு முறையும் பால் டீதான்.

வைத்தியம் பார்த்தவர் கொடைக்கானல் பஜாருக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் பாய். நல்ல மனிதர், நல்ல மெக்கானிக். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நான் பட்டறைக்குள் நுழைந்தால், "வாங்க டீச்சரம்மா, இன்னிக்கு எனக்கு என்ன பாடம்?" என்று கேட்காமல் ஸ்பேனரை எடுக்க மாட்டார்.

முதல் முறை கேஸ்கட் போனபோது, "வண்டி பழசு, அது போகும்," என்று மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது முறை நான் என் கருத்தைச் சொன்னேன்: பாரம் அதிகம். அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூட்டைகளைக் குறைத்தார். பாய் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், தண்ணீர் பம்பை மாற்றினார். ஹெட்டை வத்தலக்குண்டு லேத்துக்கு அனுப்பி, மட்டமாகச் செதுக்கி வாங்கினார். குறைந்த பாரத்தோடும் புது பம்போடும் ஓடிய ஜீப்பில், சில மாதங்களில் மறுபடியும் பால் டீ.

மூன்றாவது முறை ஹெட்டைக் கழற்றும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். பாய் அதை மேஜைமேல் கவிழ்த்து, அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே விளிம்பில் நிறுத்தி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தார். ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. நடுப்பகுதியில் பிறை மாதிரி மெல்லிய வெளிச்சம் தெரிந்தது.

"வளைஞ்சிருச்சு," என்றார். "போன தடவயும் இதே எடந்தான். தலை வளைஞ்சா தகடு என்ன செய்யும், பாவம்."

"சூடு ஏறாம வளையாதுல்ல பாய்?"

"வளையாது. ஆனா சூடு ஏற வழியில்லையே. ரேடியேட்டரு சுத்தம். பம்பு புதுசு. பேனு ஓடுது. மிச்சம் தெர்மோஸ்டாட்டு ஒண்ணுதான்."

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடானதும் தானாகத் திறந்து வழிவிடுகிற குட்டிக் கதவு. பாய் அதைக் கழற்றி, பட்டறைக்குப் பின்னாலிருக்கும் தன் வீட்டுக்குள் எடுத்துப் போய், டீச் சட்டியில் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். அது சமர்த்தாகத் திறந்தது. வெளியே எடுத்ததும் சமர்த்தாக மூடிக்கொண்டது. அவர் மனைவி அந்தச் சட்டியைப் பார்த்த பார்வையில், அன்றைக்குப் பாய்க்கு டீ கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

"எல்லாம் நல்லா இருக்கு," என்றார் பாய். "வண்டி மட்டுந்தான் கெட்டுப் போகுது."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் ஜீப் கயிறு கட்டி இழுக்கப்பட்டு அவரிடம் வந்து சேரும்போது இஞ்சின் சில்லென்று ஆறியிருக்கும். உயிரோடு, மூச்சிரைக்க, மேட்டில் ஏறுகிற ஜீப்பை அவர் பார்த்ததே இல்லை.

"பாய், நீங்க இந்த வண்டில வில்பட்டி வரைக்கும் ஒரு தடவ வந்து பாக்கணும். ஏறும்போது என்ன நடக்குதுன்னு."

பாய் ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த ஸ்பேனர் அது.

அப்பா சிரித்துவிட்டார். "அவரு வரமாட்டாரு தாயி. அவருக்கு வண்டி ஒத்துக்காது."

கொடைக்கானலில் பிறந்து, கொடைக்கானல் வண்டிகளையெல்லாம் பிரித்துப் பூட்டுகிற மனிதருக்கு வளைவு ரோட்டில் இரண்டு திருப்பம் போனாலே வாந்தி வரும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரிப்பேர் முடிந்து ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால்கூட ஏரியைச் சுற்றிச் சமதளமாக ஒரு வட்டம் போய்விட்டு வந்துவிடுவாராம்.

"நான் வண்டிக்கு வைத்தியம் பாக்குறவன்," என்றார் பாய் கௌரவமாக. "வண்டில போறவன் இல்ல."

"நாலாவது தடவ போச்சுன்னா எங்கம்மா வித்துரும் பாய்."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பிறகு பாய், "ஞாயித்துக்கிழம பட்டறை லீவு," என்றார், தனக்குத்தானே தண்டனை சொல்லிக்கொள்கிற குரலில்.

ஹெட்டை மறுபடி செதுக்கி, புதுத் தகடு போட்டு, வண்டி தயாரானது. ஞாயிற்றுக்கிழமை அவர் வெறும் வயிற்றோடு, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். முன்சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். இறங்கும் வழி முழுக்க அவர் கண்ணை மூடி எலுமிச்சையை மூக்கில் வைத்திருந்தார். அப்பாவுக்கு அவரை ஏற்றிப்போவதில் அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு வளைவுக்கும், "இது பெரிய வளைவு பாய், ரெடியா இருங்க," என்று அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே வந்தார். அதில் உதவி எவ்வளவு, குறும்பு எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

வீட்டில் அம்மா கடுங்காப்பி கொடுத்தாள். அவர் வேண்டாமென்று கை காட்டினார்.

"இந்த ரோட்டுல நெறமாசக்காரிய ஏத்திக்கிட்டுப் போயிருக்கோம்," என்றாள் அம்மா. "அவ வழியெல்லாம் பொரி தின்னுக்கிட்டு வந்தா."

"அவங்களுக்கு நல்ல வயிறு," என்றார் பாய், கண்ணைத் திறக்காமல்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேலே கிளம்பினோம். மண் பாதையில் அப்பா நான்கு சக்கர இழுப்பைப் போட்டார். ஜீப் முக்கிக்கொண்டு ஏறியது. பாய் கண்ணை மூடியபடியே காதைக் கொடுத்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பின்னாலிருந்து எட்டி, சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஏறியது, ஆனால் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை. தார் ரோட்டுக்கு வந்து, கடைசி ஏற்றமும் முடிகிற இடம்வரை அது ஒழுங்காகத்தான் இருந்தது.

"சத்தம் நல்லா இருக்கு," என்றார் பாய். "ஒரு கொறையும் இல்ல. அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க."

"நிறுத்துற எடந்தான் வருது."

அங்கே ரோட்டோரமாக ஓர் ஊற்று இருக்கிறது. பாறையிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் யாரோ குழாய் சொருகி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல். கீழ்க்காடுகளிலிருந்து காய்கறி ஏற்றி வரும் எல்லா வண்டிகளும் அங்கே நிற்கும். பொதிக் குதிரை நடந்த காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. ஏற்றம் ஏறி வந்த குதிரைக்கு முதலில் தண்ணீர் காட்ட வேண்டும், பிறகுதான் ஓட்டி வந்தவன் குடிக்க வேண்டும். குதிரைகள் போய் ஜீப்புகள் வந்தன. வழக்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. டிரைவர்கள் இறங்கி, பானெட்டைத் திறந்து, வண்டிக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் தாங்கள் வாய் வைப்பார்கள். தினமும் நான் கண்ணால் பார்ப்பதுதான். பார்ப்பது என்றால், கோயிலைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்க்கிற மாதிரி. அதோடு, அந்த வளைவில்தான் போனுக்கு நல்ல சிக்னல் கிடைக்கும். அதனால் அந்த நேரத்தில் என் தலை எப்போதும் குனிந்தே இருக்கும்.

அன்றைக்குத் தலை நிமிர்ந்திருந்தது.

பாய் இறங்கி நேராகப் புதருக்குப் போனார். போய்விட்டு ஊற்றுக்கு வந்து குத்தவைத்து வாய் கொப்பளித்தார். இந்தப் பக்கம் அப்பா இஞ்சினை நிறுத்திவிட்டு, ஈரச் சாக்கை ரேடியேட்டர் மூடிமேல் போட்டு மெல்லத் திருகினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கொதிக்கிற தண்ணீர் பொங்கி ரோட்டில் கொட்டியது.

"பாரு, எம்புட்டுக் காலி," என்றார் அப்பா பாசமாக. "என்னா தாகம் இதுக்கு." ஊற்றிலிருந்து ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு என்று ரேடியேட்டருக்குள் ஊற்றினார். அது நிரம்பியதும், கடைசிச் சொம்பை இஞ்சினின் தலைமேல் நிதானமாக, குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றினார்.

"யா அல்லா," என்றார் பாய் ஊற்றிலிருந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "என்ன தண்ணி இது, ஐஸா? பல்லு தெறிச்சுரும் போல கெடக்கு."

அந்த வாக்கியமும் இஞ்சினிலிருந்து வந்த சத்தமும் ஒன்றாகத்தான் என் காதில் விழுந்தன. டிங், டிங் என்று உலோகம் சுருங்குகிற சத்தம். நான் அப்பாவின் கையிலிருந்த சொம்பைப் பார்த்தேன். பாயும் எலுமிச்சையும் கையுமாக மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே," என்றார். "இது என்ன சோலி?"

"தண்ணி காட்டுறேன்."

"தெனமுமா?"

"ஏறுற ஒவ்வொரு தடவயும். பாவம்ல."

பாய் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அது வாந்திக் களைப்பா, மூன்று முறை ஹெட் இறக்கிய களைப்பா என்று தெரியவில்லை.

விஷயம் மிகச் சாதாரணம். குக்கரில் விசில் அடங்குவதற்குள் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் அங்கே ஆகிக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்குள் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்ததும் பொங்கி வெளியே கொட்டும். கொட்டியதால் காலியாகும். காலியானதைப் பார்த்து அப்பா தாகம் என்பார். தாகத்துக்கு அந்த ஐஸ் தண்ணீரை ஊற்றுவார். கொதிக்கிற இஞ்சினுக்குள் அது இறங்கியதும் தலை சட்டென்று சுருங்கும், ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வளையும். வளைந்த தலைக்குக் கீழே எந்தத் தகடும் நிற்காது.

"மத்த வண்டியெல்லாம் ஊத்துறாகல்ல, அதுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் அப்பா.

"பெரிய ஜீப்புக்கெல்லாம் ஹெட்டு இரும்புண்ணே. தாங்கும். உங்க குட்டிக்கு அலுமினியம்."

"அலுமினியம் இரும்பவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும்பா, சுருங்கும்," என்றேன் நான். பாயைவிட ஒரு வரி கூடுதலாகச் சொல்லிவிட்ட திருப்தியோடு.

அப்பா சொம்பைக் கவிழ்த்தார். பானெட்டை மூடினார். மார்க்கெட் வரைக்கும் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில், "அப்ப நாந்தான் கெடுத்தேங்குற," என்று மட்டும் கேட்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எம்.எஸ்ஸி. படித்த வாய், "விஞ்ஞானப்படி ஆமாப்பா," என்று சொல்லிவிட்டது.

மறுநாள் காலை அவர் ஊற்றில் நிறுத்தி, வழக்கத்தைவிட ஒரு சொம்பு அதிகமாக ஊற்றினார்.

"கேஸ்கட் போடுறது பாய் சோலி," என்றார் என்னைப் பார்க்காமல். "பிள்ளைகளுக்குப் பாடம் சொல்றது ஒன் சோலி. வண்டிக்குத் தண்ணி காட்டுறது என் சோலி."

அந்த டிங் டிங் சத்தம் ஒவ்வொன்றும் எனக்குக் கவுஞ்சிக்காரர் எங்கள் வாசலை நோக்கி நடந்து வருகிற காலடி மாதிரி கேட்டது. இதை அப்படியே விட்டால் அடுத்த பால் டீ எங்கள் ஜீப்பின் கடைசி பால் டீயாக இருக்கும். அதனால் நான் எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் செய்து காட்டுவேன். வீட்டிலும் செய்து காட்டினேன். அம்மாவின் குழம்புச் சட்டி மூடி நல்ல மெல்லிசான அலுமினியம். அதை இடுக்கியில் பிடித்து அடுப்பில் நன்றாகக் காய்ச்சி, அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் முக்கினேன். டொக்கென்று ஒரு சத்தம். எடுத்துத் தரையில் வைத்தேன். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது.

அப்பா குனிந்து விரலால் அதைத் தட்டினார். ஆடியது. திருப்பிப் போட்டுத் தட்டினார். அப்போதும் ஆடியது. அவர் முகத்தில் கொஞ்சம் யோசனை வந்தது.

அம்மா முகத்தில் வேறொன்று வந்தது. "ஏடி, மூடி ஒன்னுதானடி இருந்துச்சு."

"சோதனைம்மா."

"சோதனதான். இனி எதப் போட்டு மூடுறது, ஒன் புஸ்தகத்தையா?"

அப்பாவுக்குச் சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது. "மூடி வேற, வண்டி வேற," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்புட்டு ஏத்தம் ஏறி வருது. வாயில்லாதது. அதுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்காம நான் மட்டும் குடிச்சிட்டு வண்டியத் தட்டிக்கிட்டு வரவா? அது பாவம் தாயி. அத ஒங்க புஸ்தகத்துல போட்டிருக்க மாட்டாக."

இதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை. வெறும் ஆர்வத்தில்தான் கேட்டேன், சத்தியமாக எந்தத் திட்டமும் இல்லை.

"குதிரைக்கும் இப்படித்தான் வந்து நின்னதும் காட்டுவீங்களாப்பா?"

"நின்னதுமா?" அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்ததில் முகமே மலர்ந்தது. "கூறு கெட்டவன்தான் காட்டுவான். மூச்சு வாங்கிக்கிட்டு வரும்ல. பொதிய எறக்கி, வேர்வை அடங்க விட்டு, கழுத்துல கைய வச்சுப் பாக்கணும். சூடு தணிஞ்ச பிறகுதான் தண்ணி. வெரசா குடுத்தா வயித்த இழுத்துப் பிடிச்சுரும், படுத்துச்சுன்னா எந்திரிக்காது."

"அப்ப இதுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்றாள் அம்மா, ஆடுகிற மூடியைக் குழம்புச் சட்டிமேல் வைத்து அமுக்கிப் பார்த்தபடி.

அப்பா வாயைத் திறந்தார்.

"அது குதிர," என்றார்.

"குதிரையக்கூட நீங்க இப்பிடிக் கொஞ்சி நான் பாத்ததில்ல," என்றாள் அம்மா. "ஊரான் குதிரைக்கு வயித்துவலி வரக்கூடாதுன்னு நின்னு நிதானமாத் தண்ணி காட்டுனீக. சொந்த வண்டிக்கு மட்டும் வந்ததும் வாயில ஊத்துறீக. மூணு தடவ படுத்துருச்சு."

குழம்பு கொதித்து, வளைந்த மூடியின் தூக்கிய பக்கத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊற்றில் ஜீப்பை நிறுத்தினார். பானெட்டைத் திறந்தார். சொம்பைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று, ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஜீப்புகள் தண்ணீர் காட்டிவிட்டு எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"ஏலே, என்னாச்சு, வண்டி மொறச்சுக்கிச்சா?" என்று ஒரு டிரைவர் கேட்டார்.

"வேர்வை அடங்கட்டும்னு நிக்கேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். கை தாங்குகிற அளவுக்குச் சூடு தணிந்ததும் அப்பா மூடியைத் திறந்தார். ஆவியும் இல்லை, பொங்கலும் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் விளிம்புவரை அப்படியே நின்றது.

"தாகமே இல்லையே தாயி," என்றார். குரலில் அவ்வளவு ஏமாற்றம். "ஒடம்புக்கு எதும் செய்யுதோ?"

"நல்லா இருக்குப்பா. குடிக்கிற அளவுக்குத் தாகம் இல்ல, அம்புட்டுத்தான்."

அவருக்கு மனசு கேட்கவில்லை. சொம்பிலிருந்து பேருக்கு ஒரு மடக்கு ஊற்றினார். அதற்குப் பிறகுதான் தான் குடித்தார்.

இதில் நஷ்டம் யாருக்கு என்றால் எனக்குத்தான். ஊற்றடியில் இப்படி நின்று நிதானித்ததில் முதல் வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நேரம் கழித்துப் போனேன். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், "மிஸ், இன்னைக்கும் ஜீப்புக்கு ரெஸ்ட்டா?" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து வெள்ளனே எழுந்து கிளம்ப வேண்டியதாயிற்று. ஊரில் பனி விலகாத நேரத்தில் சேலைக்கு இஸ்திரி போடுகிற துயரத்தை நான் வகுப்பில் சொல்வதில்லை.

மழைக்காலம் வந்தது. மண் பாதை குழைந்தது. ஜீப் ஏறியது, நின்றது, இளைப்பாறியது, மறுபடி ஏறியது. எண்ணெய் எண்ணெயாகவே இருந்தது. அம்மா தினமும் காலையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று புகையின் நிறத்தைப் பார்த்துவிட்டு வருவாள்.

இதற்குள் கண்டுபிடித்தது யார் என்பதில் தகராறு தொடங்கிவிட்டது. பாய் தன் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், தான் உயிரைக் கொடுத்து வில்பட்டி ரோட்டில் பயணம் போய்க் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார். அந்தக் கதையில் எலுமிச்சம்பழம் வருவதில்லை. அப்பா ஊற்றில் நிற்கிற டிரைவர்களிடம், குதிரை ஓட்டியவனுக்குத்தான் வண்டியின் மூச்சு தெரியும் என்கிறார். நான் பத்தாம் வகுப்பில் வெப்ப விரிவு நடத்தும்போது எங்கள் ஜீப்பைத்தான் உதாரணம் சொல்கிறேன். அதில் பாய்க்கும் அப்பாவுக்கும் சின்ன வேடங்கள் உண்டு.

கேரட் அறுவடை நெருங்கும்போது கவுஞ்சிக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அடுக்கடுக்கான காட்டில் பூண்டு போடுகிறவர்; குட்டி ஜீப்தான் அவர் பாதைக்கு ஏறும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, தட்டிப் பார்த்தார். அப்பா வாசலில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். முடிவு அவர் கையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"மூணு தடவ ஹெட்டு எறக்குன வண்டின்னு சொன்னாக," என்றார் வந்தவர்.

"அது அப்ப," என்றாள் அம்மா. "இப்ப விக்கிறதா இல்ல."

"அடுத்த தடவ போனா எனக்குத்தான்னு நீங்கதான சொல்லி விட்டீக."

"சொன்னேன். இப்ப வண்டி நல்லாயிருச்சு."

"அப்படி என்ன செஞ்சீக?"

நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணும் செய்யல. செஞ்சுக்கிட்டு இருந்த ஒண்ண நிறுத்திட்டோம்."

அவருக்குப் புரியவில்லை. இருந்தாலும் வந்த மனிதரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அப்பா அவரைக் கவுஞ்சி பஸ்ஸுக்கு மேலே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். எனக்கும் டவுனில் வேலை இருந்தது. முன்சீட்டில் அவர், பின்னால் மூட்டைகளோடு நான். ஏற்றம் முடிந்ததும் ஊற்றில் வண்டி நின்றது. அப்பா இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஓரமாகப் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்தார்.

"எதுக்கு நிக்கிறோம்?" என்று கவுஞ்சிக்காரர் என்னைக் கேட்டார்.

"இளைப்பாறுது," என்றேன்.

அவர் இறங்கி நின்றார். மணி பார்த்தார். ரோட்டின் மேலே பார்த்தார். மறுபடி மணி பார்த்தார். "போவமா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா எழுந்து வந்து கையை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்," என்றார். நாங்கள் டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கவுஞ்சி பஸ் போய்விட்டிருந்தது.

"ஒரு ஏத்தத்துக்கு இம்புட்டு நேரம் படுக்குமா இந்த வண்டி?" என்றார் அவர், அடுத்த பஸ் எப்போது என்று விசாரித்துக்கொண்டே. "எங்காட்டுக்கு நாலு ஏத்தம். இத வாங்கியிருந்தா நான் பூண்டு வெட்டுறது எப்ப, வீடு போய்ச் சேர்றது எப்ப?"

அவர் இனி கேட்க மாட்டார் என்பது தெரிந்தது. அப்பா அவரை டீக்கடைக்கு அழைத்துப்போய், வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுத்தார்.